வீட்டுக்கு யார் வரலாம்?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த வாரம் தம்பியிடமிருந்து புலனத்தில் ஒரு செய்தி வந்தது.

"க்கா, சனிக்கிழம ராத்திரி கூட்டாளிங்க நம்ம வீட்டுக்கு வராங்க. சின்ன பார்ட்டிதான். அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

அம்மாவும் அப்பாவும் அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காகப் பினாங்கு போவதாக இருந்தது. அலோர் காஜாவில் எங்கள் தாமான் வீட்டில் தம்பியும் பாட்டியும் மட்டும். நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். எத்தனை பேர் என்று கேட்டேன். "ஒரு இருவது." பெண் பிள்ளைகளும் வருகிறார்களா என்று கேட்டேன். படித்துவிட்டான் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பிக்கு வயது 17. இந்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21ஆக உயர்ந்துவிட்டது. ஆனால் வயது கேட்காமல் விற்கும் கடையை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்துபோனது நினைவுக்கு வந்தது. அதற்கு அடுத்து, எனக்கே கூச்சமாக இருந்த இன்னொரு பயமும் வந்தது. இருபது மோட்டார் சைக்கிள்கள் ஓர் இந்தியர் வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? பார்ட்டி என்று நினைப்பாரா, கேங் என்று நினைப்பாரா? போலீசைக் கூப்பிடுவாரா?

மறுநாள் அம்மாவுக்குப் பதிலாகப் பாட்டியைக் கூப்பிட்டேன். பாட்டிக்கு வயது 80. விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "வர்றவங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்தாச்சா?"

"யாருகிட்ட பாட்டி?"

"ஆமால்ல. இப்ப யாருகிட்டயும் குடுக்க வேணாம்ல" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பாட்டிக்கு எங்கிருந்து வந்தது? எனக்குள் இருந்த பயமும் அங்கிருந்துதான் வந்ததா? அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முதல் ஆள் ஒரு மலாக்காக்காரர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் நட்ட மரங்களிலிருந்துதான் அந்தக் கதை தொடங்குகிறது. அதன் பிறகு ரப்பர் மலாக்கா முழுக்கப் பரவியது. அலோர் காஜாவைச் சுற்றிலும் தோட்டங்கள் எழுந்தன. கெமுனிங், தெபோங், சுங்கை பாரு என்று இன்று நாம் சாலைப் பலகைகளிலும் தமிழ்ப்பள்ளிப் பெயர்களிலும் பார்க்கும் பல பெயர்களின் பின்னால் ரப்பர் மரங்களும் லயங்களும் இருந்தன.

லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் இன்னொரு விளைவை நாம் அதிகம் யோசிப்பதில்லை. தோட்டம் முழுவதும் தனியார் நிலம். லயத்துக்குப் போகும் பாதையும் தனியார் நிலம். ஆகவே உங்கள் அத்தை பக்கத்துத் தோட்டத்திலிருந்து உங்களைப் பார்க்க வந்தால், சட்டப்படி அவர் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. துரையின் நிலத்துக்குள் நுழைகிறார். அவரை அனுமதிப்பதா, திருப்பி அனுப்புவதா என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். வெளியாள் வந்தால் சம்பள உயர்வு பற்றிப் பேசுவான், சங்கம் என்பான், ஆட்களை வேறு தோட்டத்துக்கு இழுத்துப் போவான் என்பது நிர்வாகத்தின் கவலை. விருந்தாளியும் கிளர்ச்சிக்காரனும் தோட்டத்து வாசலில் ஒரே ஆளாகத்தான் தெரிந்தார்கள்.

1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஊரிலிருந்து புது ஆட்கள் வருவது ஏறக்குறைய நின்றது. இங்கே இருப்பவர்களுக்கு இனி இங்கேயேதான் உறவு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் துக்கத்துக்குப் போவதும் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் நடந்தாக வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் தோட்டத்து வாசல் அடைபட்டிருப்பது என்றால் குடும்பமே அடைபட்டிருப்பது என்றுதான் பொருள்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் முக்கியத் தலைவர் ஆர்.எச்.நாதன், 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தவர். பள்ளியில் இதை இரண்டு வரியில் படித்திருக்கிறேன்: சம்பள உயர்வு கேட்டார்கள், நசுக்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலை முழுதாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சம்பளம் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் இருக்கின்றன. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் அனுமதியும் இருக்கிறது. அவற்றோடு இன்னும் இரண்டு. ஒன்று, உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வர அனுமதி. இன்னொன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

இந்த இரண்டையும் பல முறை திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்குக் கூட்டாளிகள் வருவது, வீட்டில் குடி. ஒரு வாரமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த இரண்டு விஷயங்களும் 1941ஆம் ஆண்டின் ஒரே தாளில் இருந்தன. ஆனால் நான் அவற்றை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தேன்: கூட்டம் வந்தால் குடி வரும், ஆகவே கூட்டமே வேண்டாம். அவர்கள் முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தார்கள். வாசலைத் திற, கடையை மூடு.

நிர்வாகம் செய்துவந்தது இதற்கு நேர் எதிரானது. வாசலை மூடி, கடையைத் திறந்து வைத்திருந்தது. கள் விற்பனை அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில், அதன் உரிமத்தின்படி நடந்தது. கடை லயத்துக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. கள் உடலுக்கு நல்லது, அது இல்லாவிட்டால் தொழிலாளி கள்ளச்சாராயத்துக்குப் போவான், கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்கே திரும்புகிறது என்றெல்லாம் நியாயம் சொல்லப்பட்டது. களைப்பை மறக்க ஒரு கடை இருந்தால் போதும், பேசிச் சிரிக்க நாலு பேர் வேண்டாம். தனியாகக் குடிக்கிறவனால் ஆபத்தில்லை. கூடிப் பேசுகிறவனால்தான் ஆபத்து.

வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது என்பது தெரிந்ததுதான். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கினார்கள்.

போருக்குப் பின் கள்ளுக்கடைக் கோரிக்கை மட்டும் வேறு உருவில் திரும்பி வந்தது. கெடாவில் தொண்டர் படை உருவானது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி அதன் தலைவர். தோட்டத்து இளைஞர்கள் சீருடை போட்டு, அணிவகுத்து, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் அது போலீசுடன் மோதலாக வெடித்தது. பலர் சிறைக்குப் போனார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே அக்கா தம்பி குடிப்பானோ என்று பயப்படுகிறேன். அங்கே தம்பிகள் அப்பாக்களைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். குடியிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றக் கிளம்பியது அன்றைக்கு இளைஞர்கள்தான். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. தொண்டர் படை குடித்தவர்களைப் பிடித்துத் தண்டிக்கவும் செய்தது. அக்கறையில் தொடங்கியது காவலாக மாறியதைக் கசப்போடு பார்த்தவர்களும் தோட்டத்தில் இருந்திருப்பார்கள். நானும் சனிக்கிழமை வீட்டு வாசலில் சீருடை இல்லாத ஒரு தொண்டர் படையாகத்தான் நிற்கப்போகிறேனா என்று தோன்றியது.

பாட்டியின் கேள்விக்குப் பதில் 1948க்குப் பிறகான ஆண்டுகளில் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூனில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டோரத்தில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அடையாள அட்டை வந்தது. இரவில் ஊரடங்கு. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக் கூடாதென்று உணவுப் பொருட்களுக்குக் கடும் கட்டுப்பாடு. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதிதான் நாட்டிலேயே முதல் 'வெள்ளைப் பகுதி' ஆனது; அங்கே இந்தக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. வேலிக்குள் இருந்த மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

மறுபடியும் பாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்போது அவருக்கு ஏழெட்டு வயது.

"எங்க தாய்மாமன் ஒரு தடவ வாழத்தார் தூக்கிட்டு வந்தாரு. வாசல்ல பேரு, ஐசி எல்லாம் எழுதிக்கிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள வெளிய போயிடணும்னு சொல்லிட்டாங்க. அரிசிய அளந்து குடுத்த காலம். எங்கம்மா ஒல வச்சிச்சு. சோறு வேகறதுக்குள்ள மாமா கெளம்பிட்டாரு. பசியோடதான் போனாரு. அம்மா அன்னிக்கு அழுதுச்சு."

காட்டுக்குச் சோறு போகிறதா என்று சந்தேகப்பட்ட காலத்தில், கூடுதலாக ஒரு வாய்க்குச் சமைப்பதையே கணக்குச் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது. விருந்தோம்பலைப் பற்றி ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்திருக்கும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறியபோது எங்கள் குடும்பமும் தாமானுக்கு வந்தது. அப்பா கடன் கட்டி வாங்கிய தரை வீடு. வீட்டு முன்னால் எங்களுடைய சொந்த கேட். தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு என்று மலாய்க்காரர், சீனர் எல்லோரையும் அழைக்கிறோம். ஆனாலும் எங்கள் வீட்டில் கேட் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் வந்தால்கூட அம்மா ஜன்னல் வழியாக "யாரு, என்னா வேணும்?" என்றுதான் கேட்பார். அம்மா பயந்தவர் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தக் கேள்வி வேறு மாதிரிக் கேட்கிறது.

என் பயம் முழுவதும் தோட்டத்திலிருந்து வந்தது என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். மெத்தனால் உண்மை. 17 வயதில் மோட்டார் சைக்கிளில் போதையோடு வீடு திரும்பும் பையன் உண்மை. அதற்கு யாரும் பயப்படத்தான் வேண்டும். ஆனால் இருபது தமிழ்ப் பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடுவதையே ஆபத்தாகப் பார்க்கும் கண் என்னுடையது இல்லை. அது வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவனின் கண்.

சனிக்கிழமை மதியம் சிம்பாங் அம்பாட் டோலில் இறங்கி வீட்டுக்குப் போனேன். தம்பியிடம் இரண்டே விஷயம் சொன்னேன். "கேட் தொறந்தே இருக்கட்டும். பாட்டில் உள்ள வரக்கூடாது." அவன் முறைத்தான். பிறகு அவனே எதிர்வீட்டுப் பாக்சிக்கிடம் போய், இரவு கொஞ்சம் சத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தான். பாட்டி பெரிய சட்டியில் மீகூன் பிரட்டினார். நான் மாடி அறையில் இருந்தேன். கீழே பாட்டும் சிரிப்பும் கேட்டன. எவ்வளவோ முயன்றும் இரண்டு தடவை படியிறங்கி எட்டிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ரோஜாத் தொட்டிக்குப் பின்னால் ஒரு பீர் டின் கிடந்தது. தம்பியிடம் காட்டினேன். "ஒருத்தன் கொண்டாந்தான்க்கா. நான்தான் புடுங்கி ஊத்துனேன்" என்றான். பாதி நம்பினேன்.

பாட்டி சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மொத்தம் இருவத்தி மூணு பேரு" என்றார். "எண்ணிப் பாத்தேன். இருவத்தி மூணு பேரும் சாப்ட்டுட்டுத்தான் போனாங்க."