ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு முட்டுக்கல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படிக்கவும்.

போன வாரம் மருமகன் புதிதாக வாங்கிய பெரிய வண்டியில் ஊருக்கு வந்திருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, எடை இரண்டு டன்னுக்கு மேல். கிளம்பும் நேரம் பார்த்து, வாசல் சரிவில் பின் டயர் காற்று இறங்கிக் கிடந்தது. அவர் ஜாக்கியை எடுத்ததும் நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் இரண்டு கருங்கல் தூக்கி வந்தேன். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் மாமா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் 1989.

அந்த வருடம் தேர்தல் பணிக்கு எனக்குக் கொல்லிமலை விழுந்தது. அப்போது அது சேலம் மாவட்டம். வாக்குப்பெட்டியோடு ஐந்து பேர் ஒரு பழைய ஜீப்பில் ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, பின்பக்க இடது டயர் பஞ்சர். ஓட்டுநர் அண்ணன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், முதல் கியரில் போட்டார், ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்தார். சக்கரம் தரையை விட்டு எழும்பியதுதான் தாமதம், ஜீப் தானாகப் பின்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. நட்டைக் கழற்றப் போன கையை அவர் எடுத்துவிட்டார். ஒரு நொடி பிந்தியிருந்தால் விரல்கள் போயிருக்கும். "பிரேக் கேபிள் அத்துப்போச்சு சார்" என்றார். கீழே வந்து பார்த்தால் கேபிள் நன்றாகத்தான் இருந்தது. இது பல நாள் என் மண்டையைக் குடைந்தது.

விடையைச் சொன்னவர் எங்கள் ஊர் மெக்கானிக் பெரியவர். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

நாம் மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம். அது ஒரு தெருவின் பெயர். ஆரம்ப காலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்வவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தப் பொருள் மறைந்துவிட்டது. தெருவின் பெயர் மட்டும் கடல் தாண்டி வந்து, நம் லாரிப்பட்டறைகளில் நிலைத்துவிட்டது.

ஜாக்கிக்கு வயது இன்னும் அதிகம். திருகைச் சுற்றினால் பாரம் எழும்பும் என்பது பழைய அறிவு. எண்ணெய் ஜாக்கிக்கு வேர், எட்டாம் வகுப்பில் நான் வருடா வருடம் நடத்திய பாஸ்கல் விதி. அதை வைத்து லண்டனில் ஜோசப் பிராமா 1795-இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சிறிய குழாயில் கொடுக்கும் அழுத்தம் பெரிய உருளையில் பல மடங்கு விசையாக வரும். 1851-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் அதைக் கையில் தூக்கிப்போகும் அளவுக்குச் சுருக்கினார். இன்று டிக்கியில் கிடக்கும் பாட்டில் ஜாக்கிக்கு அதுதான் தாத்தா.

இந்த இரண்டு வருடத்துக்கும் நடுவே நடந்த ஒன்றைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். 1849, அதுவும் வேல்ஸ்தான். மெனாய் நீரிணையின் மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் பிரிட்டானியா ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். 460 அடி நீள இரும்புக் குழல், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, நீரழுத்த எந்திரத்தால் சுமார் 100 அடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஸ்டீபன்சன் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். குழல் எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவுக்கு உடனே அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். நேரம் வீணாகிறது என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள், எந்த வேலையிலும் இருப்பார்கள். ஆகஸ்ட் மாதம் எந்திரத்தின் உருளை வெடித்தது. அத்தனை பெரிய இரும்பு சில அங்குலம் மட்டும் இறங்கி, அடியில் இருந்த முட்டின் மேல் உட்கார்ந்தது. அந்த முட்டு இல்லையென்றால் குழல் போயிருக்கும், பாலமும் போயிருக்கும்.

ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பட்டறையில் ஸ்டாண்டு வைப்பார்கள். வழியில் அது இல்லாவிட்டால் ஸ்டெப்னியைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். வண்டி விழுந்தாலும் அதன் மேல்தான் விழும். புதுச் சக்கரத்தை மாட்டும் நேரத்தில் கழற்றிய சக்கரத்தை அந்த இடத்தில் தள்ளிவிடலாம். வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிற வேலை மட்டும் எப்போதும் கூடாது.

இப்போது ஜீப். அமெரிக்க ராணுவத்துக்காக 1941 முதல் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். சுதந்திரத்துக்குப் பின் பம்பாயில் மஹிந்திரா அதே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. மலைக்கும் காட்டுக்கும் தேர்தலுக்கும் அதுதான் வண்டி. (யுத்த கால ஜீப்பில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எல்லாம் இடது மரை. தெரியாமல் வழக்கம்போல் திருகி, கழற்றுவதற்குப் பதில் இன்னும் இறுக்கியவர்கள் எத்தனை பேரோ!)

பெரியவர் என்னைக் குனியச் சொல்லிக் காட்டினார். இந்த வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டில் இருக்கிறது. பிரேக் அந்தத் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. தண்டு நின்றாலும், ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்ற அது விடும். இரண்டும் தரையில் இருக்கும்வரை இது நடக்காது. ஒன்றைத் தூக்கிவிட்டால் அது அந்தரத்தில் எதிர்ப்பக்கம் சுற்றும், தரையில் இருப்பது உருளும், வண்டி போய்விடும். கியரில் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கியர் பிடிப்பதும் அதே தண்டைத்தான்.

"நாலு வீல் கம்பியைப் போட்டிருந்தா நின்னிருக்கும் வாத்தியாரே" என்றார். உண்மை. அப்போது முன் தண்டும் பின் தண்டோடு சேர்ந்துகொள்ளும். முன் சக்கரம் இரண்டும் தரையில் இருப்பதால் வண்டி அசையாது. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்த லேண்ட் ரோவரிலும் இதே தண்டுப் பிரேக்தான். அதன் வழிவந்த டிஃபெண்டர் 2016 ஜனவரியில் நின்றது வரை அப்படியே இருந்தது. மருமகன் வண்டியில் பிரேக் பின் சக்கரங்களிலேயே இருக்கிறது, இந்த வம்பு இல்லை. ஆனாலும் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் பிடிப்பதற்கு மற்ற ஒன்றுதான் மிச்சம். இரண்டு டன் வண்டி, சரிவில்.

எனவே கல்தான் முதல் வேலை. நட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்வது இரண்டாவது. மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. தூக்குவது முடிந்தவரை ஆக்ஸிலுக்கு அடியில். உடம்பைப் பிடித்துத் தூக்கினால் ஸ்பிரிங் நீள்கிற அளவுக்கும் சேர்த்துத் தூக்க வேண்டும், வண்டி ஆடும். அமெரிக்க விவசாயிகள் 1905-இலிருந்து வைத்திருக்கும் ஹை-லிஃப்ட் என்கிற உயர ஜாக்கியில் இதுதான் ஆபத்து. அதன் கைப்பிடி திருப்பி அடித்துத் தாடை உடையவும் வாய்ப்பு உண்டு.

நம்மவர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்துவிட்டது. இருந்தும் முட்டுக்கட்டையோடு ஆட்கள் இன்றும் சக்கரத்தை ஒட்டியே ஓடுகிறார்கள். அந்தக் கட்டை இல்லாமல் தேர் வீதி திரும்பாது, நிற்கவும் நிற்காது. அப்படிப்பட்ட பொருளின் பெயரை நாம் ஏனோ தடங்கலுக்கு வசவாக்கி வைத்திருக்கிறோம்.

டயர் மாற்றி முடித்ததும் மருமகன் இரண்டு கல்லையும் எடுத்து டிக்கியில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை வரும்போது மரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் இதை முட்டுக்கல் என்போம், சிலர் அணைகல் என்பார்கள். உங்கள் ஊரில் என்ன பெயர்? வண்டி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.