திண்ணையில் கிட்டாத பாடம்

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய நாளில் தமிழகத்து ஊர்களில் திண்ணைப் பள்ளிகள் பல இருந்தன. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ அவற்றைக் கணக்கெடுக்கப் பணித்தார். அங்கே இன்றுள்ளதுபோல் வகுப்புப் பிரிவு இல்லை. ஒரு பிள்ளை மணலில் அகரம் எழுதும். மற்றொன்று ஓலையில் பாடம் படிக்கும். முதிர்ந்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பான். அவரவர் நின்ற இடத்திலிருந்து பாடம் நகர்ந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல், மணலில் எழுதும் வழக்கத்தையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். 1797இல் அதை நூலாக்கினார். அது 'சென்னை முறை' என இங்கிலாந்தில் பரவியது.

ஆனால் நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு அத்திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நிறுவிய இலவசப் பள்ளியும், பின்னர் அரசின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளும் நமக்குக் கதவு திறந்தன. நாம் உள்ளே நுழைந்தபோது முறை மாறியிருந்தது. ஒரே புத்தகம், ஒரே பக்கம், ஒரே வேகம்! வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை ஒருமுறை பின்தங்கினால் பின்தங்கியதே.

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை நாம் தனியே அமர்த்திப் படிக்கச் சொன்னோம். 'பாட்டு' என்பதைப் 'பட்டு' என்றான். 'பாடம்' என்பதைப் 'படம்' என்றான். அவன் மந்தபுத்திக்காரன் அல்லன். துணைக்கால் ஒன்றே அவனுக்குப் பிடிபடவில்லை. இணைச்சொற்களை எழுதி நாள்தோறும் ஒப்பிட்டுப் படிக்கச் செய்தோம்; தடை நீங்கிற்று. மற்றொரு சிறுமி எல்லா எழுத்தும் அறிவாள். ஆயினும் எழுத்தெழுத்தாகவே கூட்டுவாள். அவளுக்கு ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பதே மருந்தாயிற்று. இருவருக்கும் ஒரே பாடம் நடத்தியிருந்தால் இருவரும் தேறியிரார்.

அரசும் இதை உணர்ந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், விடுப்பில் சென்ற பிள்ளை திரும்பியதும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது.

ஆரணியில் தறி அறியாதார் யார்? இழை அறுந்தால் பாவு முழுவதையும் குறை கூறுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கிறோம். இளைஞர்களே! நம் சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்வீர். முதலில் அப்பிள்ளை படிப்பதைக் காதுகொடுத்துக் கேட்பீர்; பிறகு கற்பிப்பீர். அன்று திண்ணையில் நமக்கு மறுக்கப்பட்டதை இன்று நம் வீட்டு வாசலிலேயே நம்மால் வழங்க இயலும்.