கும்மிடிப்பூண்டியில் பிறந்து பொதட்டூர்பேட்டை வரும் புத்தகம்

மார்ச் 31. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஓர் இரும்பாலை என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் கம்பிக் கட்டுகளை எண்ணுகிறார்கள். ஒருவர் எடைச் சீட்டைப் படிக்கிறார். இன்னொருவர் பேரேட்டோடு ஒப்பிடுகிறார். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்தவர் சில கட்டுகளைத் தாமே மறுபடி எண்ணிப் பார்க்கிறார். அந்த எண்ணிக்கைத் தாளில்தான் ஓர் ஆண்டறிக்கை பிறக்கிறது. அது போய்ச் சேரவேண்டிய வீடுகளில் ஒன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பொதட்டூர்பேட்டையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருக்கிறது.

அந்தத் தெருவுக்குக் கணக்கு புதிதல்ல. கூலிக்கு நெய்கிறவர் பாவும் ஊடை நூலும் எடை போட்டு வாங்குகிறார்; துணியை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கழிவு எவ்வளவு? கஞ்சி போட்ட நூல் எடை கூடும் என்பதால் கஞ்சி எடையைக் கழித்துவிட்டுத்தான் பேச்சே. ஆண்டறிக்கையும் இதே கேள்விக்குப் பங்குதாரருக்கு நிறுவனம் சொல்லும் பதில்தான். நூறு பங்கு வைத்திருப்பவரும் அந்த ஆலையின் உடைமையாளர்களில் ஒருவர்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் கணக்கு ஆடிட்டர் கைக்குப் போகிறது. அவர் வவுச்சரைப் பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. வங்கியிலும் பாக்கிதாரர்களிடமும் நேரடியாகக் கேட்டு உறுதி பெறவேண்டும். இது தவறினால் என்னவாகும் என்பதை ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நாட்டுக்குக் காட்டியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் 5,361 கோடி ரூபாய் என்று காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். கிடைக்காத வட்டியாக இன்னொரு 376 கோடி. முழுக்கக் கஞ்சி எடை. ஆண்டுதோறும் அழகாக அச்சாகி, ஆடிட்டர் கையெழுத்தோடு வீடு வீடாகப் போன புத்தகங்கள் அவை. பின்னால் வந்த 2013 கம்பெனிகள் சட்டம், பட்டியலிட்ட நிறுவனத்தில் ஒரே தணிக்கை நிறுவனம் பத்து ஆண்டுக்கு மேல் தொடரக்கூடாது என்றது.

ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் இயக்குநர் குழு கணக்கை ஏற்று, முடிவுகளைப் பங்குச்சந்தைக்குச் சொல்கிறது. பிறகுதான் எண்களுக்குச் சட்டை போடுகிறார்கள்: தலைவர் உரை, வண்ணப் படங்கள், இயக்குநர் அறிக்கை. பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்பாவது அறிக்கையை அவர்களுக்கு அனுப்பியாகவேண்டும். முன்பு கனத்த புத்தகம் தபாலில் வந்தது. இப்போது மின்னஞ்சல், மின்னஞ்சல் பதியாதவருக்கு இணைய முகவரி குறித்த ஒரு கடிதம். கேட்டால் அச்சுப் புத்தகமும் தரவேண்டும். கேளுங்கள். பென்சிலால் கோடு போட்டுப் படிக்கத் தாள்தான் வசதி.

புத்தகம் வந்துவிட்டது. எங்கே திறப்பது? தலைவர் உரை காத்திருக்கட்டும். முதலில் ஆடிட்டர் அறிக்கை. கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று நிபந்தனையின்றிச் சொல்கிறாரா, 'இது தவிர' என்று ஏதாவது சேர்க்கிறாரா? அந்த 'தவிர'வில் நின்று படியுங்கள். அடுத்து லாபத்தையும் பணப்பாய்வு அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். லாபம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, தொழிலிலிருந்து பணம் மட்டும் வரவில்லை என்றால், விற்ற சரக்குக்குக் காசு எங்கே நிற்கிறது?

பதில் பின்பக்கத்துக் குறிப்புகளில் இருக்கும். வரவேண்டிய பாக்கியை ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், மூன்றாண்டுக்கு மேல் என்று வயது பிரித்துக் காட்டவேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் விதி. பாக்கிக்கு வயது ஏறினால் வசூலாகும் வாய்ப்பு தேயும். இதைக் கடன் கொடுத்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கிய விகிதங்களில் ஏதாவது முந்திய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் எழுதவேண்டும். அதிபரின் குடும்ப நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலுக்கும், வழக்குகளால் தலைமேல் தொங்கும் தொகைகளுக்கும் தனித்தனிக் குறிப்புகள் உண்டு. எழுத்து பொடிதாக இருக்கும். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் 30-க்குள் பொதுக்குழு. கணக்கை ஏற்பதா என்று வாக்களிக்கும் உரிமை பொதட்டூர்பேட்டைக்காரருக்கும் உண்டு. மின்வாக்கு என்பதால் தறியை நிறுத்திவிட்டுப் பயணம் போகவேண்டாம். பிறகு முப்பது நாளுக்குள் கணக்கு கம்பெனிப் பதிவாளரிடம் போகிறது. பங்கு இல்லாதவரும் கட்டணம் கட்டி அங்கே அதைப் பார்க்கலாம்.

இந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'முந்திய ஆண்டு' என்று ஒரு பத்தி இருக்கும். கிடங்கில் அன்று எண்ணிய கம்பிக் கட்டுகளின் மதிப்பும் அங்கே திரும்ப வரும். பழைய புத்தகத்தில் இருந்த எண்ணும் இதுவும் ஒன்றா என்று விரல் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் ஏன் என்று ஒரு குறிப்பு சொல்லியாகவேண்டும். நெய்து வந்த துணியை மறுபடி தராசில் வைக்கும் வேலை இது. அதைச் செய்யப் பழைய புத்தகம் நம் வீட்டில் இருக்கவேண்டும்.