சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

கும்பாபிஷேக நன்னாளில் பூரணகும்பம் ஏந்தி எதிர்கொள்வதற்குச் சுமங்கலிகளை முன்னிறுத்துதல் நம்மவர் வழக்கம். அவ்வேளையில் தூணின் மறைவில் ஒதுங்கி நின்று கோபுர தரிசனம் செய்த பெண்களும் ஊர்தோறும் இருந்தனர். கணவன் முகத்தையே நன்கு அறியாத பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியரும் அவர்களுள் உண்டு. அம்பிகையின் சந்நிதியில் அவள் குழந்தைகளுக்கே இடமில்லையென்று விதித்தவர் யாவர்? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர் சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமி அம்மையார்.

தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் தலைமகளாக 1886-ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் இவர் பிறந்தார். பதினோராம் வயதில் மணம் நடந்தது. சின்னாட்களிலேயே மணமகன் மறைந்தான். தலையை மழித்து, முரட்டுப் புடைவை உடுத்தி, அடுக்களை மூலையில் அமர்த்துவதே அக்காலத்து முறை. தந்தையார் அதற்கு இசையவில்லை. மகளின் கையிற் புத்தகத்தைக் கொடுத்தார். வைதிக குடும்பத்தில் பிறந்த ஒருவர் சுற்றத்தாரின் ஏச்சைப் பொறுத்து இவ்வாறு நின்றது எளிய காரியமன்று. இளமையிலேயே கணவனை இழந்திருந்த சிற்றன்னை வாலாம்பாளும் துணை நின்றார். (மகளைப் போற்றுவோர் இவ்விருவரையும் மறந்துவிடுகின்றனர்.) எழும்பூரில் கன்னிமாடத்துப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1911-இல் இவர் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் இவரே.

மறு ஆண்டு, 1912-இல், எழும்பூர் இல்லத்தில் நான்கு இளங் கைம்பெண்களுக்கு அடைக்கலம் தந்து கல்வி புகட்டத் தொடங்கினார். பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிட்டாமையால் பெற்றோர் பெண்களை அனுப்பத் தயங்கிய காலம் அது. மற்றொரு புறம், உண்பதற்கும் உடுப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்த்துக் கைம்பெண்கள் கண்ணீர் வடித்தனர். இரு குறைகளையும் ஒன்றினால் ஒன்று தீர்க்கலாம் என்று அம்மையார் கண்டார். கல்வித்துறையில் மேற்பார்வையாளராக இருந்த லிஞ்ச் என்னும் ஐரோப்பிய மாதரசியும் உதவ, அரசாங்கத்தின் ஆதரவு கிடைத்தது.

இல்லம் வளர்ந்து, 1917-இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸில் குடிபுகுந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்த கட்டடம் அது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய பெருமையும் அதற்கு உண்டு. அங்கே பயின்ற பெண்கள் ஆசிரியைகளாகி ஊர் ஊராகச் சென்றனர். ‘சகுனத் தடை’ என்று எவரைக் கண்டு கதவடைத்தார்களோ, அவரிடமே விஜயதசமியன்று குழந்தையின் கைபிடித்து எழுத்தறிவிக்குமாறு வேண்டும் நாளும் வந்தது!

ஒன்றை மறைத்தல் முறையன்று. அவ்வில்லம் தொடக்கத்தில் அந்தணர் குலப் பெண்களுக்கே உரியதாயிருந்தது. அக்குலத்திலேதான் இக்கொடுமை மிகுதி என்பதும், ஆசாரம் குலையுமென்று பெற்றோர் அஞ்சினர் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். ஆயினும் ஏனைய குலத்துப் பெண்களின் துயரும் துயரன்றோ? இதனைக் குறையாகக் கூறினோர் தவறு செய்தாரல்லர். அம்மையாரின் பணி பின்னர் அவ்வெல்லையில் நிற்கவில்லை. கடற்கரைக் குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கும் கல்வி தர முயன்றார். 1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் தலைவியாக அமர்ந்தார். 1927-இல் சாரதா வித்யாலயம் எழுந்தது. 1942-இல் மயிலையில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் கண்டார். அறுபத்தெட்டாம் வயதில், 1954-இல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக ஒரு நிலையம் நிறுவினார். பலர் ஓய்வை நாடும் பருவத்தில் இவர் பட்டணத்தை விட்டுக் கிராமத்தை நாடியதே எம் உள்ளத்தை மிகவும் கவர்கின்றது.

குழந்தை மணத் தடைச் சட்டத்திற்காகவும் இவர் குரல் கொடுத்தார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் இருந்தார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமக்கென்று மக்கள் இலர். ஆயினும் இவரை ‘சகோதரி’ என்று அழைத்த குடும்பங்கள் எத்தனை எத்தனையோ!

1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், பரமபதவாயில் திறக்கும் வைகுண்ட ஏகாதசிப் புண்ணிய தினத்தில், அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.