முரசு சொல்லும் சாட்சி

பல்லைப் பிடித்திருக்கும் சதையைத் தமிழ்நாட்டில் ஈறு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் முரசு என்போம். முரசில் இரத்தம் கசிந்தால், ஒழுங்காகப் பல் விளக்கவில்லை என்று ஆளைக் குறை சொல்வோம். பெரும்பாலும் அது சரிதான். பல்லோரம் படியும் அழுக்கில் பெருகும் கிருமிகளே முரசு நோய்க்கு முதற் காரணம். ஆனால் சாப்பாட்டில் உள்ள குறையையும் முரசு காட்டிக்கொடுக்கும். அந்தக் குறைக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

முரசுச் சதையை உடல் ஓயாமல் புதுப்பிக்கிறது. அதைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் உறுதியாக அமைய விற்றமின் சி வேண்டும். அதை மனித உடல் தானே ஆக்கிக்கொள்ளாது. சில மாதங்கள் கிடைக்காவிட்டால் முரசு வீங்கிக் கருஞ்சிவப்பாகும், பல் ஆடும், ஆறிய புண்ணும் திறந்துகொள்ளும். இதுதான் ஸ்கர்வி.

1747-இல் சாலிஸ்பரி என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான மருந்துகள் கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவாகத் தேறினார்கள். 1753-இல் அதை நூலாக எழுதினார். கடற்படை எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியதோ 1795-இல். பின்னர் 1860-களில், மத்தியதரைக் கடற்பகுதியின் மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்ச் சாற்றுக்கு மாறினார்கள். புளிப்பு இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். 1875-இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட கடற்படைப் பயணத்தில் ஸ்கர்வி மறுபடியும் தலைதூக்கியது.

இந்த அறிவு இருந்தும் இந்தியச் சிப்பாய்களைக் காக்கவில்லை. 1915 டிசம்பரில், இன்றைய ஈராக்கிலுள்ள கூட் நகரில், பிரித்தானிய இந்தியப் படையொன்றைத் துருக்கியர் முற்றுகையிட்டனர். 147 நாட்களின் பின் படை சரணடைந்தது. உள்ளே வெள்ளை மா ரொட்டி தின்ற பிரித்தானியரைப் பெரிபெரி தாக்கியது. தீட்டாத கோதுமை மாவும் பார்லியும் தின்ற இந்தியர்கள் அதற்குத் தப்பினார்கள். ஆனால் ஸ்கர்வி அவர்களைப் பிடித்தது. அவர்களில் பெரும்பாலோர் மதமும் வழக்கமும் காரணமாகக் குதிரை இறைச்சியை நெடுநாள் தொடவில்லை. அதனால் வந்த நோய் என்று பல நூல்கள் கதையை முடித்துவிடுகின்றன.

எனக்கு அது போதவில்லை. முற்றுகைக்கு வெளியே இருந்த இந்தியப் படைகளிலும் 1916-இல் ஸ்கர்வி பரவியது. அங்கே குதிரை இறைச்சி என்ற பிரச்சினையே இல்லை. பச்சைக் காய்கறியும் பழமும் போதாத பங்கீடுதான் இருந்தது. அந்தப் பங்கீட்டைத் தீர்மானித்தவர் சிப்பாய் அல்ல. அவருடைய முரசு கசிந்தபோது பழி மட்டும் அவருடைய வழக்கத்தின் மேல் விழுந்தது.

அதே போர்க்காலத்தில் இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற அறிவியலாளரும் அவருடன் உழைத்த பெண்களும் கினிப்பன்றிகளுக்கு உணவு கொடுத்துச் சோதித்தார்கள். தேசிக்காய்ச் சாறு எலுமிச்சைச் சாற்றைவிட மிகவும் பலம் குறைந்தது என்று கண்டார்கள். உலர்ந்த பயறுக்கு ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி இல்லை, ஊறவைத்து முளைக்கவிட்டால் அது வந்துவிடுகிறது என்பதையும் காட்டினார்கள். அம்மா ஈரத்துணியில் முடிந்து வைக்கும் முளைப்பயறுதான் அது! மூட்டையில் காவிச் செல்லலாம், மதத் தடையும் பெரும்பாலும் இல்லை, தண்ணீரும் இரண்டு மூன்று நாளும் போதும். ஆனால் உடைத்த பருப்பு முளைக்காது. முழுப்பயறாகவே அனுப்ப வேண்டும். ஒரு படையின் முரசைக் காப்பது அவ்வளவு சின்ன முடிவாகவும் இருக்கலாம்.

இன்று நம் பிள்ளைகள் வாழும் நகரங்களில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தனியே வாழும் முதியவர்களில் சிலர் தேநீரும் பாணும் பிஸ்கற்றுமாக நாளை ஓட்டுகிறார்கள். பல் ஆடுவதால் பழத்தைக் கடிக்க முடியாது. பனியில் கடைக்குப் போகவும் முடியாது. அவர்களுக்கு முரசு கசிந்தால் பல் வைத்தியரிடம் கூட்டிப்போவது அவசியம். அதோடு, இந்த மாதம் என்ன சாப்பிட்டார்கள், அதை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்றும் நாங்கள் கேட்க வேண்டும்.