நீலகிரித் தைலம்

நீலகிரித் தைலம் என்பது யூக்கலிப்டஸ் மரத்தின் இலைகளிலிருந்து நீராவியால் வடித்தெடுக்கப்படும் நறுமண எண்ணெய். நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். கற்பூரத்தை நினைவூட்டும் கார மணம் கொண்டது. தமிழ்நாட்டு வீடுகளில் சளி, மூக்கடைப்பு, தலைவலி, மூட்டுவலி ஆகியவற்றுக்குக் கைமருந்தாக வைத்திருப்பார்கள். முகர்வதற்கும் வெளியே பூசுவதற்கும் மட்டுமே உரியது. சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பும் நினைவிழப்பும் வரலாம்.

மரமும் எண்ணெயும்

யூக்கலிப்டஸ் பேரினம் நாவல், கொய்யா, கிராம்பு ஆகியவை அடங்கிய மிர்ட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நூற்றுக்கணக்கான இனங்களில் பெரும்பாலானவற்றின் தாயகம் ஆஸ்திரேலியா. மருந்துத் தைலம் தருவதில் பெயர்பெற்ற யூக்கலிப்டஸ் குளோபுலஸ், டாஸ்மேனியாவிலும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் இயற்கையாக வளர்வது.

எண்ணெய், இலைக்குள் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் தேங்கியிருக்கிறது. அதன் முதன்மைச் சேர்மம் 1,8-சினியோல். யூக்கலிப்டால் என்பதும் இதுவே. மருந்துத் தரத் தைலத்தில் இது குறைந்தது 70 விழுக்காடு இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தரநூல் வரையறுக்கிறது. எஞ்சியதில் பைனீன், லிமோனீன் போன்ற டெர்ப்பீன்கள் உள்ளன. எலுமிச்சை மணம் வீசும் இன்னொரு தைலமரத்தின் எண்ணெயில் சினியோல் மிகக் குறைவு, சிட்ரோனெல்லாலே மிகுதி. ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது.

வரலாறு

ஆஸ்திரேலியத் தொல்குடி மக்கள் இந்த இலைகளைக் காய்ச்சலுக்கும் காயங்களுக்கும் பயன்படுத்தி வந்தனர். இங்கிலாந்திலிருந்து குடியேறிய மருந்தாளர் ஜோசப் போசிஸ்டோ, தாவரவியலாளர் ஃபெர்டினான்ட் ஃபான் முல்லரின் ஊக்கத்தால் 1850களில் விக்டோரியாவில் தைலத்தை வணிக அளவில் வடிக்கத் தொடங்கினார். பிரெஞ்சு வேதியியலாளர் குளோயஸ் 1870இல் முதன்மைச் சேர்மத்தை இனங்கண்டு அதற்கு யூக்கலிப்டால் என்று பெயரிட்டார்.

நீலகிரிக்கு இம்மரம் 1843இல் வந்தது. உதகமண்டலத்தில் ஆங்கிலேயர் குடியிருப்பு பெருகியபோது சோலைக்காடுகள் விறகுக்காக அழிந்தன. விரைந்து வளரும் மரம் தேவைப்பட்டதால் 1850களிலிருந்து யூக்கலிப்டஸ் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. விறகுக்காக நட்ட மரத்தின் தழை பிற்காலத்தில் தனித் தொழிலுக்கு மூலப்பொருளானது. இன்று உலகச் சந்தைக்கு மிகுதியாகத் தைலம் தரும் நாடு சீனா.

வடிக்கும் முறை

தழையைக் கொப்பரையில் அடைத்து அதனூடே நீராவியைச் செலுத்துவார்கள். சினியோலின் கொதிநிலை சுமார் 176 டிகிரி செல்சியஸ். ஆனாலும் நீராவியோடு சேரும்போது 100 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே எண்ணெய் ஆவியாகி வெளியேறும். குளிர்ந்த குழாயில் அந்த ஆவி நீர்மமானதும், நீரைவிட இலேசான தைலம் மேலே மிதக்கும், அதைப் பிரித்தெடுப்பார்கள். பசுந்தழையின் எடையில் ஓரிரு விழுக்காடே எண்ணெயாகத் தேறும். விலை குறைந்த எண்ணெய்களைக் கலந்து விற்பதும் உண்டு என்பதால், சினியோல் அளவும் தயாரிப்பாளர் விவரமும் அச்சிட்ட புட்டியை வாங்குவது நல்லது.

வீட்டில் பயன்படும் விதம்

கைக்குட்டையில் ஓரிரு சொட்டு விட்டு முகர்வதே எளிய முறை. அப்போது மூக்கு திறந்துகொண்டதுபோல் தோன்றும். மெந்தாலைப் போலவே சினியோலும் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதே இதற்குக் காரணம். மூச்சு தாராளமாகப் போவதாகத் தோன்றினாலும் மூக்கினுள் வீக்கம் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. சளிக்காய்ச்சலின் நாட்களையும் இது குறைப்பதில்லை. தொல்லையை ஆற்றுகிறது, அவ்வளவே. ஜெர்மனியில் மூக்கறை அழற்சிக்குச் சினியோல் உறை மாத்திரைகள் பயன்பாட்டில் உள்ளன. அவை அளவிட்டுத் தயாரித்த மருந்து. அதைக் காட்டி வீட்டுப் புட்டியிலிருந்து குடிக்க முடியாது.

தசைவலிக்குத் தேய்க்கும்போது தைலத்தைத் தனியாகப் பூசாமல், 1 பங்குக்கு 20 பங்கு அல்லது அதற்கும் மேல் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கலந்துகொள்வது தோலுக்குப் பாதுகாப்பு. முதல்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று ஒரு நாள் பார்க்கலாம். வெட்டுக்காயம், புண், கண்ணோரம், மூக்குத்துளை ஆகிய இடங்களில் பூசக் கூடாது.

ஆவி பிடிக்கும்போது பெரும் ஆபத்து கொதிநீரே. போர்வைக்குள் பாத்திரம் சரிந்து பிள்ளைகளின் மடியும் தொடையும் வெந்துபோவது மருத்துவமனைகள் நன்கறிந்த விபத்து. குழந்தைகளுக்கு இம்முறை வேண்டாம். பெரியவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிய நீரைச் சற்று ஆறவிட்டு, பாத்திரத்தை மேசைமேல் அசையாமல் வைத்துப் பிடிக்கலாம். மார்புச்சளியில் மூச்சிரைப்பு இருந்தால் ஆவி பிடித்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நச்சுத்தன்மை

விழுங்கிய தைலம் குடலிலிருந்து விரைவாக இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குகிறது. வாய் எரிச்சல், வாந்தி, தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு ஆகியவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தோன்றும். ஒரு தேக்கரண்டியே, அதாவது 5 மில்லிலிட்டரே, குழந்தைக்குக் கடும் நஞ்சாகலாம். இருமல் மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் தைலப் புட்டியை வைப்பதும், இருட்டில் மாற்றி ஊற்றுவதும் இவ்விபத்துக்கு வழக்கமான காரணங்கள்.

முகர்வதாலும் தேய்ப்பதாலும்கூடச் சிலருக்கு வலிப்பு வரலாம். 2017 முதல் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதி வருகின்றனர். முன்பு வலிப்பே வராதவர்களும் அவர்களில் இருந்தனர். ஆகவே வலிப்பு நோயாளிகள் இதை அறவே தவிர்க்க வேண்டும். கற்பூரம் கலந்த பூச்சுகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகைய பூச்சுகளில் கற்பூரத்தின் உச்ச அளவை 11 விழுக்காடாக வரையறுத்துள்ளது. கைக்குழந்தையின் மூக்கருகே காரமான தைலத்தைக் காட்டினால் குரல்வளை இறுகி மூச்சு திணறலாம். 2 வயதுக்கு உட்பட்டோருக்குச் சொந்தமாக எதையும் பூச வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பாதிப்பு மேலும் கடுமையாகும். உப்புநீர், பால், மோர் எதையும் புகட்டாமல் வாயை மட்டும் துடைத்துவிட்டு 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அறிகுறி தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

வலிப்பு வந்தால்: ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடிபடும் பொருள்களை அகற்ற வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் பயன் தராது, காயத்தையே உண்டாக்கும்.

கண்ணில் பட்டால்: ஓடும் தூய நீரில் 15 நிமிடமாவது கழுவி, கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோல் எரிந்தால் சோப்பும் நீரும் போதும்.

முதலுதவியில் இதன் இடம்

தைலம் எதற்கு உதவாது என்பதை அறிவது வீட்டு முதலுதவிக்கு முதல் தேவை. தீப்புண்ணுக்குத் தைலமோ பற்பசையோ மஞ்சளோ தடவாமல், குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பாம்புக்கடிக்கு எந்தப் பூச்சும் பயனில்லை. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டுப் பொருள்களில் சிலவற்றுக்குச் சான்று வலுவாகவே உண்டு. வயிற்றுப்போக்கில் 1 லிட்டர் தூய நீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்த கரைசல் உயிர் காக்கும். 1 வயது நிறைந்த குழந்தையின் இருமலுக்குத் தேன் இதம் தரும்; அதற்கு முன் கொடுத்தால் போட்டுலிச நஞ்சு ஏறும் அபாயம் உண்டு.

நீலகிரித் தைலம் எளிதில் தீப்பற்றக்கூடியது. குத்துவிளக்கு, அடுப்பு, கொசுவத்தி ஆகியவற்றிலிருந்து விலக்கி, இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். குடிக்கும் மருந்துகள் இருக்கும் தட்டில் அதற்கு இடமில்லை.