இறால் குட்டையில் ஜியோலைட் பவுடர்: உப்புத் தண்ணியில் உண்மையிலேயே வேலை செய்யுமா?

கருக்களாச்சேரி இருக்கும் காரைக்கால் - நாகை கடலோரப் பகுதியில் இறால் வளர்ப்பை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. குட்டையில் அமோனியா ஏறினால், மூட்டை மூட்டையாக ஜியோலைட் பவுடர் தூவுவது பலருக்கும் வழக்கம். அது என்ன பொருள்? எங்கிருந்து வருது? போட்ட காசுக்குப் பலன் உண்டா? பார்ப்போம்.

ஜியோலைட் என்றால் என்ன?

இது ஒரே கல் அல்ல, ஒரு கனிமக் குடும்பம். 1756-ல் சுவீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்செல் குரோன்ஸ்டெட், ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது தண்ணீர் போல நுரைத்துக் கொதித்தது. உள்ளே இருந்த நீர்தான் ஆவியாக வெளியேறியது. அதனால் கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் ஜியோலைட் என்று பெயர் வைத்தார். இயற்கையில் 40-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு.

எப்படி உருவாகுது?

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. அது இறுகும்போது வாயுக் குமிழிகள் இருந்த இடமெல்லாம் ஓட்டைகளாக நின்றன. பிறகு பாறைக்குள் ஊறிய வெதுவெதுப்பான நிலத்தடி நீர், சிலிக்கா, அலுமினியம், கால்சியம், சோடியத்தைக் கரைத்து எடுத்து, அந்த ஓட்டைகளுக்குள் படிகமாகப் படிய வைத்தது. புனே, நாசிக், ஜல்கான் பகுதி ஜியோலைட் படிகங்கள் உலக அளவில் பிரபலம். எரிமலைச் சாம்பல் விழுந்த உப்பு ஏரிகளிலும் இது உருவாகும். நம்ம டெல்டா, காவிரி கொண்டுவந்த வண்டல் மண். அதனால் இங்கே பயன்படுவதெல்லாம் வெளியிலிருந்து வருவதுதான்.

எப்படி வேலை செய்யுது?

ஜியோலைட்டுக்குள் தேன்கூடு போல நுண்ணிய அறைகள் உண்டு. அந்தக் கூட்டுக்கு எதிர்மின்சுமை இருப்பதால், சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே லேசாக ஒட்டி நிற்கும். அம்மோனியம் அயனி வந்தால் இடம் மாறிக்கொள்ளும். ஆக்சிஜன் கருவிகளில் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைப்பதும் செயற்கை ஜியோலைட்தான். 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் ஆலைகளுக்காக இது வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டது.

அப்போ குட்டையில் என்ன சிக்கல்?

சிக்கல் உப்புதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல் இருக்கும். குட்டையில் அமோனியா ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே ஆபத்தாகிவிடும். இத்தனை சோடியம் முட்டி மோதும்போது அம்மோனியத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

இதற்கு எளிய சான்றும் உண்டு. நன்னீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், அமோனியா நிறைந்துபோன ஜியோலைட்டை உப்புத் தண்ணியில் ஊறவைத்துத்தான் கழுவி மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதாவது உப்பு, அம்மோனியத்தை வெளியே தள்ளிவிடும். நன்னீரில் பலன் தரும் பொருள், உப்புநீர்க் குட்டையில் பெரிதாகக் கைகொடுக்காததற்கு இதுவே காரணம்.

என்ன செய்யலாம்?

அமோனியா பெரும்பாலும் தீவனத்திலிருந்து வருது. இறால் தின்று கழிப்பதும், தின்னாமல் அடியில் அழுகுவதும்தான் மூலம். எனவே செக் ட்ரே பார்த்துத் தீவனத்தைக் குறைப்பது, அடிச்சேற்றை வெளியேற்றுவது, ஏரேட்டரை நிறுத்தாமல் ஓட்டுவது, முடிந்தால் தண்ணீர் மாற்றுவது ஆகியவை முதல் வேலை. பிஹெச் அளவும் வெப்பமும் கூடினால் அமோனியாவின் நச்சு ஏறும். அதனால் பிற்பகலிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த மூட்டை வாங்கும் முன், குட்டைத் தண்ணீரின் உப்பளவையும் அமோனியா அளவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பவுடர் தூவிய மறுநாளும் சோதியுங்கள். அளவு இறங்கவில்லை என்றால், அந்தக் காசு ஏரேட்டர் டீசலுக்கு ஆகும்.